காருக்குள் மின்கோளாறு: அய்யனார் கோவில் அடிவாரத்தில் நீங்களே பார்க்கக்கூடியவை

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் நீர்காத்த அய்யனார் கோவிலுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் அங்கே காரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கவனித்தாலே இந்த அத்தியாயம் பாதி விளங்கிவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடினால் எல்லோரும் குளிக்கப் போய்விடுவார்கள். நான்கு கதவும் திறந்தபடி வண்டி மரநிழலில் நிற்கும். உள்ளே பாட்டு ஓடும், இரண்டு மொபைல் சார்ஜில் கிடக்கும், பிள்ளைகள் கண்ணாடியை ஏற்றி இறக்கி விளையாடுவார்கள், ஈரத்துணி சீட்டில் குவிந்திருக்கும். சாயங்காலம் கிளம்பும்போது ஏதாவது ஒன்று மக்கர் செய்யும். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரூம் லைட் எரியாது, சார்ஜர் சாக்கெட் செத்துக்கிடக்கும், ஒரு கண்ணாடி பாதியில் நின்றுகொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பிலும், சதுரகிரி ஏறுகிறவர்கள் வண்டியை நாள் முழுக்க விட்டுப்போகும் தாணிப்பாறையிலும் இதே கதைதான். எலக்ட்ரீஷியன் ஊருக்குள் இருக்கிறார். நீங்கள் காட்டோரத்தில் இருக்கிறீர்கள்.

அவருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, ரூம் லைட் எரியல" என்று சொன்னால், விஷயம் தெரிந்தவர் ரூம் லைட்டைப் பற்றிப் பேசவே மாட்டார். "அது கிடக்கட்டும் சார், கூட வேற எதெது வேலை செய்யலன்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார். அந்தக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் கோளாறு அந்தப் பொருளிலோ, அதன் ஸ்விட்சிலோ, அதற்குப் போகும் வயரிலோ இருக்கிறது. இரண்டு மூன்று சேர்ந்து செத்திருந்தால், அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸையோ எர்த்தையோ தேட வேண்டும். பல கார்களில் ரூம் லைட்டுக்கும், பாட்டுச் செட்டின் நினைவுக்கும், கடிகாரத்துக்கும் ஒரே ஃபியூஸ். ரூம் லைட் எரியாமல், சாவியைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கினால் பல்பைக் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவர்கள்தான் டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் நிற்கிறார்கள்.

கை வைக்கும் முன்

காருக்குள் ஓடுவது 12 வோல்ட். வீட்டுக் கரண்ட் போலத் தூக்கி எறியாது. ஆனால் பேட்டரி ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளக்கூடியது. ஷார்ட் ஆனால் வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். மோதிரமும் உலோகக் கைக்கடிகாரமும் கையில் வேண்டாம். பல்பு, ஃபியூஸ் மாற்றச் சாவியை அணைத்தால் போதும். வயரைத் தொடுகிற வேலை என்றால் பேட்டரியில் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். முதலில் மைனஸ்தான். பிளஸைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது மைனஸ் கடைசி.

மஞ்சள் உறை போட்ட வயரும் மஞ்சள் கனெக்டரும் ஏர்பேக்குக்கு உரியவை. ஸ்டியரிங்குக்குள், டேஷ்போர்டுக்குள், சில கார்களில் முன்சீட்டுக்கு அடியிலும் இருக்கும். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிதாக விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம் என்பதால் இப்போதைய வண்டிகள் எல்லாவற்றிலும் இது உண்டு. அதில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது. மின்சாரக் கார், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற வயரை எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம். அதில் ஓடுவது 12 வோல்ட் அல்ல, உயிரை எடுக்கிற அழுத்தம்.

ஃபியூஸ்

பெரும்பாலான கார்களில் இரண்டு ஃபியூஸ் பெட்டிகள். ஒன்று பானெட்டுக்கு அடியில், பேட்டரிக்குப் பக்கத்தில். காருக்குள் இருக்கும் சாமான்களுக்கு உரியது டேஷ்போர்டின் கீழே, பல வண்டிகளில் ஓட்டுநரின் வலது முழங்கால் பக்கம். மூடியின் உள்பக்கத்திலோ வண்டியின் கையேட்டிலோ எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருக்கும். டோம் என்று போட்டிருந்தால் ரூம் லைட். சிக் என்று சுருக்கியிருந்தால் சிகரெட் லைட்டர் சாக்கெட், அதாவது இப்போது சார்ஜர் செருகும் துளை. பி, டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகள் பவர் விண்டோ. ஃபியூஸைப் பிடுங்க வெள்ளைப் பிளாஸ்டிக் இடுக்கி ஒன்றும், மாற்று ஃபியூஸ் சிலவும் அந்தப் பெட்டிகளில் ஒன்றிலேயே செருகி வைத்திருப்பார்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய சொந்தக்காரர் எடுத்துப் பயன்படுத்தியிருப்பார்.

தட்டை ஃபியூஸ்களுக்கு நிறக்கணக்கு உண்டு. 5 ஆம்பியர் இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே வளைந்து போகும் கம்பி அறுந்திருப்பது தெரியும். சிலசமயம் முடி அளவு விரிசல் கண்ணுக்குத் தட்டாது. சந்தேகம் இருந்தால் அதே ஆம்பியர் உள்ள வேறொன்றைச் செருகிப் பாருங்கள்.

எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். அது இல்லையென்றால் குறைந்ததைப் போடலாம், கூடியதைப் போடக் கூடாது. அல்லது இன்றைக்குத் தேவைப்படாத ஒன்றிலிருந்து, பின்கண்ணாடி வைப்பர் மாதிரி, அதே நிறத்தைக் கடன் வாங்கலாம். 10 ஆம்பியர் இடத்தில் 30-ஐச் செருகினாலும், சிகரெட் அட்டை வெள்ளித்தாளைச் சுற்றி வைத்தாலும் ரூம் லைட் எரியத்தான் செய்யும். ஆனால் அடுத்த ஷார்ட்டில் உருக வேண்டிய ஃபியூஸ் உருகாது. சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் போகும் மெல்லிய வயர் உருகும். சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் திரி நீளம் எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. ஃபியூஸின் ஆம்பியரும் அப்படிக் கணக்குப் போட்டு வைத்ததுதான்.

சார்ஜர் சாக்கெட் செத்திருந்தால், ஃபியூஸ் மாற்றும் முன் மொபைல் வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயம், அர்ச்சனைத் தட்டுக்கு எடுத்த சில்லறை, மலிவு சார்ஜரின் கழன்ற நுனி என்று ஏதாவது கிடக்கும். அதை எடுக்காமல் எத்தனை ஃபியூஸ் போட்டாலும் எரியும். சாவியை அணைத்து, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் இடுக்கியாலோ எடுங்கள். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் எதைச் செருகினீர்கள் என்று யோசியுங்கள். பல சாக்கெட்டுகளின் மூடியில் 120 வாட் என்று போட்டிருக்கும்; 12 வோல்ட்டுக்கு அது 10 ஆம்பியர். டயருக்குக் காற்று அடிக்கும் சின்ன மோட்டார்களில் சில இதைத் தாண்டி இழுக்கும்.

புது ஃபியூஸும் போட்ட உடனே எரிந்தால் மூன்றாவதைப் போட வேண்டாம். எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைத் தேட ஒரு மலிவான கருவி போதும்: இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்று, அதற்கு ஹோல்டர், இரண்டு வயர், முனையில் முதலைக் கிளிப். ஃபியூஸ் இருந்த இரண்டு துளைகளிலும் இரண்டு தகட்டுத் துண்டைச் செருகி, இந்தப் பல்பின் கிளிப்புகளை அவற்றில் மாட்டுங்கள். தகடுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. பல்பு வழியாக ஏறக்குறைய 1.75 ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது என்பதால் வயர் சுடாது. ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். இனி அந்த ஃபியூஸில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: சார்ஜர், பாட்டுச் செட், ரூம் லைட். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ, அணைகிறதோ, ஷார்ட் அந்த வழியில். பணிமனையில் ஒரு மணி நேரக் கூலி வாங்கும் வேலை பெரும்பாலும் இதுதான். ஏர்பேக், இன்ஜின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

ரூம் லைட்

இதைவிடச் சின்னக் கோளாறு காருக்குள் கிடையாது. இதைவிட அதிகமாக வண்டியை நிறுத்திவைப்பதும் கிடையாது. கணக்கைப் பாருங்கள். 10 வாட் பல்பு இழுப்பது 0.83 ஆம்பியர். சின்னக் கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். ஒரு ராத்திரி, 10 மணி நேரம் எரிந்தால் 8 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். புது பேட்டரி தாங்கும். மூன்று வருடப் பேட்டரி காலையில் செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக்' என்று மட்டும் சொல்லும். மல்டிமீட்டர் வைத்திருந்தால், நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். 12-க்குக் கீழே போயிருந்தால் காலியாகும் நிலை. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும்.

எரியவில்லை என்றால் முதலில் விளக்கின் ஸ்விட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். எரி, அணை, கதவு என்று மூன்று நிலைகள். பிள்ளைகள் வந்த வண்டியில் அது பெரும்பாலும் 'அணை'யில் இருக்கும். 'எரி'யில் வைத்து எரிந்து, கதவைத் திறந்தால் எரியவில்லை என்றால் பல்பு நல்லது, ஃபியூஸ் நல்லது. கோளாறு கதவு ஸ்விட்சில். நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மூன்றுக்கு எரிந்து ஒன்றுக்கு மட்டும் எரியாவிட்டால் அந்தக் கதவு ஸ்விட்ச்தான். மாருதி 800 மாதிரிப் பழைய வண்டிகளில் கதவுத்தூணில் ரப்பர் தொப்பி போட்ட சின்னப் பித்தான் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. ஸ்க்ரூ துருப்பிடித்தால் எர்த் போச்சு. கழற்றி, ஸ்க்ரூவையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, துளி கிரீஸ் தடவி மாட்டினால் முடிந்தது. கழற்றும்போது வயர் தூணுக்குள் நழுவி விழாமல் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். விழுந்தால் அதை வெளியே எடுப்பதுதான் அன்றைய வேலையாகிவிடும். புதுக் கார்களில் இந்தப் பித்தான் கிடையாது, கதவுப் பூட்டுக்குள்ளேயே சென்சார் இருக்கும். அது வீட்டு வேலை இல்லை.

'எரி'யில் வைத்தும் எரியவில்லை, ஃபியூஸும் நல்லது என்றால் பல்பு. மேல்மூடியின் ஓரத்தில் துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினால் வரும். இரண்டு முனையிலும் உலோக மூடி உள்ள குழல் பல்பு இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கும். பல நேரம் பல்பு நல்லதாகவே இருக்கும். சூட்டில் தகடு விரிந்து பிடிப்பு விட்டிருக்கும். தகட்டை உள்பக்கம் லேசாக வளைத்து மாட்டுங்கள். எல்இடி பல்பு போட்டு எரியவில்லை என்றால் கடையில் சண்டை போடும் முன் முனைகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் உண்டு.

கதவை மூடியும் விளக்கு அணையவில்லையா? புதுக் கார்களில் சில நொடிகள் கழித்து அணைவது இயல்பு. அணையவே இல்லையென்றால் ஏதோ ஒரு கதவின் பித்தான் அமுங்காமல் இருக்கிறது, அல்லது டிக்கி சரியாக மூடவில்லை. கண்டுபிடிக்க நேரம் இல்லையென்றால் ஸ்விட்சை 'அணை'யில் தள்ளிவிட்டு மலை ஏறுங்கள். தாணிப்பாறையில் வண்டியை விடுகிறவர்களுக்கு இது அவசியம்.

கண்ணாடி ஏறவில்லை

ஒரு கண்ணாடியும் பின்பக்க ஸ்விட்சுகளில் அசையாமல், ஓட்டுநர் ஸ்விட்சில் மட்டும் எல்லாம் ஏறி இறங்கினால் கோளாறே இல்லை. ஓட்டுநர் கதவில் இருக்கும் பூட்டுப் பித்தானை யாரோ அமுக்கியிருக்கிறார்கள். எதிலிருந்தும் எதுவுமே அசையவில்லை என்றால் ஃபியூஸ். ஒரு கண்ணாடி மட்டும் நின்றால், அதை ஓட்டுநர் பக்கத்திலிருந்தும் அந்தக் கதவிலிருந்தும் இயக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் வேலை செய்து மறுபக்கம் செய்யாவிட்டால் ஸ்விட்ச். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாவைத் தின்ற கையோடு பிள்ளைகள் அமுக்கும் ஸ்விட்சுக்கு நெய்யும் சர்க்கரையும் ஒத்துக்கொள்ளாது. ஸ்விட்சைக் கழற்றி, எலக்ட்ரிக் கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்தால் பல சமயம் பிழைக்கும்.

இரண்டிலும் அசையாவிட்டால் காதைக் கொடுங்கள். அமுக்கியதும் கதவுக்குள் 'டக்' என்று கேட்டால் கரண்ட் போகிறது. மோட்டாரோ கண்ணாடியைத் தூக்கும் கம்பியோ சிக்கியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால், ஸ்விட்சை அமுக்கிக்கொண்டே கதவை மெல்லத் திறந்து மூடுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் கண்ணாடி திடீரென்று அசைந்தால், கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கிறது. தினமும் பத்துத் தடவை மடங்கி நிமிரும் வயர் வேறு எங்கே அறும்? பழைய கார்களில் கதவுக் கோளாறு என்றால் நான் முதலில் அந்த ரப்பரைத்தான் விலக்கிப் பார்ப்பேன்.

பிள்ளைகள் விடாமல் ஏற்றி இறக்கியதால் நின்றிருந்தால், சூடான மோட்டார் தானாகவே நின்றிருக்கலாம். கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். மழை வருகிறது, குரங்கு பார்த்துக்கொண்டிருக்கிறது, கண்ணாடி ஏறியே ஆக வேண்டும் என்றால்: ஒருவர் ஸ்விட்சை மேல்நோக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கண்ணாடியின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை அழுத்தி மேலே தள்ளுங்கள். அசதியான மோட்டார் இந்தத் துணையில் ஏறிவிடும். ஏறிய பிறகு பணிமனை பார்க்கும்வரை இறக்காதீர்கள்.

ஏசி காற்று நான்காம் நம்பரில் மட்டும் வருகிறது

சந்தேகமே வேண்டாம், ப்ளோயர் ரெசிஸ்டர். 1, 2, 3 வேகங்கள் அதன் வழியாகப் போகின்றன. கடைசி வேகம் நேராக மோட்டாருக்குப் போகிறது. பெரும்பாலும் இடதுபக்க டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும்; இரண்டு ஸ்க்ரூ, ஒரு கனெக்டர். புதிதாக மாற்றும்போது ஏசி பில்டரையும் பாருங்கள். பில்டர் அடைத்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் ரெசிஸ்டர் ஆறாது, புதியதும் எரியும். பஞ்சாலை வளாகத்தில் நாள்தோறும் நிற்கும் வண்டிக்காரர்கள் பில்டரை அடிக்கடி தட்டுவது நல்லது. எந்த வேகத்திலும் காற்று வராமல், ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் மோட்டாரைத் தட்டியதும் ஓடினால் கார்பன் தேய்ந்துவிட்டது.

தண்ணீரும் எலியும்

மரநிழல் நல்லதுதான். ஆனால் உதிரும் இலை முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் விழுந்து வடிகாலை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தண்ணீர் உள்ளே இறங்கி இடதுபக்கக் கால்மிதிக்கு அடியில் தேங்கும். கார்ப்பெட்டுக்கு அடியில்தான் வயர்க் கட்டு போகிறது. கனெக்டர் பச்சை பூத்து, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சாமான்கள் கெடும். மழை இல்லாத நாளில் ஏசி போட்ட பிறகு அதே இடம் நனைந்தால், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. ஓடும் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல் போனால்தான் கவலை.

அய்யனார் கோவில் ஆற்றில் மலையில் பெய்த மழைக்குத் திடீர் வெள்ளம் வருவது உண்டு. வண்டியின் தரை மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியையே போடாதீர்கள். தண்ணீர் வடிந்ததும் மைனஸைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் மலிவு.

தென்னந்தோப்பு, மாந்தோப்பு ஓரம் நிறுத்துகிறவர்களுக்கு எலி. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்வதால் எதையாவது கடித்தே தீரும். டேஷ்போர்டு பெட்டிக்குள் புழுக்கையோ தென்னை நாரோ கண்டால், கோளாறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தின்பண்டத்தைக் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். ஒரு வயரைக் கடித்திருந்தால் நீங்களே சேர்க்கலாம்: இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர் உரித்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவை முன்கூட்டியே ஒரு பக்கம் நுழைத்து, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவை மேலே இழுத்துச் சூடுகாட்டுங்கள். வெறுமனே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்குத் தாங்காது. பசை இளகி, டேப் கழன்று, வயர் மறுபடி வெளியே வரும். கட்டாகப் பல வயர் அறுந்திருந்தால் பணிமனைதான்.

இதை எழுதும்போதே ஒரு கோபம். சீட் கவர் போடும் கடையில் அலங்கார லைட், கூடுதல் ஹார்ன், கேமரா என்று மாட்டும்போது, கிடைத்த வயரை நடுவில் கீறி இணைத்துவிடுகிறார்கள். காருக்குள் வரும் ஷார்ட்டுகளில் கணிசமானவை இந்த வேலையில் பிறந்தவை. வயரை வெட்டிய வண்டிக்கு நிறுவனம் மின்சாரப் பகுதிக்கு வாரண்டி தர மறுக்கலாம். கூடுதலாக ஏதாவது மாட்டியே ஆக வேண்டுமென்றால் தனி ஃபியூஸ் வைத்து, வயரை வெட்டாமல் இணைக்கச் சொல்லுங்கள்.

ஹார்ன் அடிக்காமல், மீட்டரில் ஏர்பேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் நாடா போயிருக்கும். அதற்கு ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். அங்கே கை வைக்க வேண்டாம். தீய்ந்த நெடி வந்தாலும் நீங்களே தேட வேண்டாம்: வண்டியை ஓரம்கட்டி, சாவியை எடுத்து, எல்லோரையும் இறக்கிவிட்டு, நெருப்போ புகையோ இல்லையென்றால் மட்டும் பானெட்டைத் திறந்து மைனஸைக் கழற்றுங்கள்.

பணிமனையில் விடும்போது "வயரிங் சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். எது எது வேலை செய்யவில்லை, எந்த ஃபியூஸ் எரிந்தது, எத்தனை தடவை எரிந்தது, கதவை அசைத்தால் மாறுகிறதா, மழைக்குப் பிறகு வந்ததா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தேடும் நேரமும் கூலியும் குறையும். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன், ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் போட்டிருக்கும் ஆம்பியரே உள்ளேயும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் முன்னாலேயே பாருங்கள்.